வரப்பும் நண்டு வளையும்

(கொழிஞ்சாம்பாறை வாசகசாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். நம் பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில் கச்சா எண்ணெய் கிடைக்குமா என்று வாசலில் ஒருவர் கேட்டார். கிடைக்காது. 1994 டிசம்பரில் பக்கத்துத் திருச்சூர் மாவட்டத்துத் தேசமங்கலம் நிலநடுக்கத்தில் குலுங்கியபோது இங்கும் நிலத்தடியில் பிளவுகள் உண்டு என்பது தெரிந்தது. ஆனால் நம் காலடியில் இருப்பது பழங்கருங்கல், அதில் எண்ணெய் பிறக்க வழியில்லை. காவிரிப் படுகையின் கதை வேறு. கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் பிரிந்த காலத்தில் அங்கே தரை பிளந்து இறங்கியதால், வடகிழக்கு–தென்மேற்காக முகடும் பள்ளமும் அமைந்தன. பள்ளத்து வண்டலில் எண்ணெய் உருவாகி மேலேறிற்று.

மேலேறும் எண்ணெயைப் பிளவு தடுக்குமா, வழிவிடுமா என்பதே கேள்வி. நாம் சேறு குழைத்து வரப்பு பூசுவதை நினைத்துக்கொள்ளுங்கள். பாறை அடுக்குகள் பிளவின் வழியே நழுவும்போது, இடையிலுள்ள களிப்பாறை இழுபட்டு, பிளவின் முகத்தில் அப்படித்தான் பூசப்படுகிறது. ஓரிடத்தைக் கடந்து நழுவிய 40 மீட்டர் அடுக்கில் களி மொத்தம் 10 மீட்டர் என்றால் விகிதம் 25 விழுக்காடு. அந்த இடம் பெரும்பாலும் எண்ணெயைத் தாங்கும். 4 மீட்டர்தான் என்றால் 10 விழுக்காடு, அங்கே நம்பிக்கை வைக்க முடியாது. பொதுவாக 15 முதல் 20 விழுக்காட்டை எல்லையாகக் கொள்வார்கள்.

இங்கே பலரும் சறுக்குவது சராசரியில்தான். வரப்பு முழுவதும் கெட்டியாக இருந்தும் ஒரே ஒரு நண்டு வளை இருந்தால், வளையின் மட்டத்துக்குமேல் வயலில் தண்ணீர் நிற்குமா? நிலத்தடியில் இந்த வயல் தலைகீழாகக் கிடக்கிறது: எண்ணெய் உச்சியிலிருந்து கீழ்நோக்கி நிறைந்து வந்து, எண்ணெய் ஊடுருவும் மணற்பாறையும் மணற்பாறையும் பூச்சின்றி முட்டும் முதல் இடத்தை எட்டியதும், அதன்பின் வருவதெல்லாம் மறுபக்கம் ஒழுகிவிடும். ஆகவே பிளவின் முகத்தை ஒரு சுவராகப் பாவித்து, இருபுறத்து அடுக்குகளும் அதில் எங்கெங்கே சந்திக்கின்றன என்று புள்ளி புள்ளியாக வரைகிறார்கள். 1989-இல் ஆலன் என்பவர் விளக்கிய இந்த வரைபடம் இன்று கணினியில் முப்பரிமாணமாகிவிட்டது.

ஆனால் நிலத்துக்குள் அதிர்வலை அனுப்பி எடுக்கும் படத்தில் சில மீட்டர் நழுவிய சிறு பிளவுகள் தெரிவதில்லை; கணக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் கிணற்றின் அழுத்தமே தீர்ப்பு சொல்லும். ஒருபக்கக் கிணற்றில் எண்ணெய் எடுக்க எடுக்க, மறுபக்கத்தில் யாரும் தொடாத கிணற்றின் அழுத்தமும் இறங்கினால், சுவரை அழித்துவிட்டு அங்கே ஒரு வளை வரைய வேண்டியதுதான்.