ஒரு லிட்டர் சாக்கடை நீரில் போலியோவைத் தேடுவது எப்படி?

[திரையில்: இஸ்ரேல் வரைபடம், தெற்கே ரஹத் நகரம்]

2013 மே மாதக் கடைசி. இஸ்ரேலின் தென்பகுதியில் ரஹத் என்ற ஊரின் சாக்கடை நீரில் முதல் வகை போலியோ வைரஸ் அகப்பட்டது. சொட்டு மருந்தில் இருக்கும் வலுவிழந்த உயிர் வைரஸ் கசிந்தது அல்ல, இயற்கையாகப் பரவும் அசல் காட்டுவகை. பழைய மாதிரிகளை எடுத்துத் திரும்பச் சோதித்தபோது, பிப்ரவரியிலேயே அது நாட்டுக்குள் வந்துவிட்டது தெரிந்தது. இத்தனைக்கும் ஒரு குழந்தைக்குக்கூடக் கால் விளங்காமல் போகவில்லை.

நோயாளியே இல்லாமல் கிருமி மட்டும் எப்படி ஊர் சுற்றும்? இஸ்ரேல் 2005-இல் சொட்டு மருந்தை விட்டுவிட்டு ஊசிக்கு மட்டும் மாறியிருந்தது. ஊசி போட்டால் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி உண்டாகும். வைரஸ் நரம்பைத் தொடாது, வாதம் வராது. குடலில் அது பெருகுவதை ஊசி அவ்வளவாகத் தடுக்காது. குழந்தை ஓடியாடி விளையாடும், அதன் மலத்தில் வாரக்கணக்கில் வைரஸ் போய்க்கொண்டிருக்கும். தடுப்பு மருந்தே எடுக்காதவர்களிலும், முதல் வகை தொற்றிய ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்குத்தான் வாதம் வரும். மீதிப் பேர் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. கழிப்பறைக்குப் போகிறார்கள்.

[திரையில்: சுத்திகரிப்பு நிலையத்தின் நுழைவாய்]

சரி, மாதிரியை எங்கே எடுப்பது? ஒரு லட்சம் முதல் மூன்று லட்சம் பேரின் கழிவு வந்து சேரும் இடம் வசதி. அதைவிடப் பெரிய வட்டாரம் என்றால் ஒரு தெருவில் பரவும் வைரஸ் தண்ணீரில் கரைந்து காணாமல் போகும். சுத்திகரிப்பு நிலையம் என்றால் உள்ளே நுழையும் வாயில் எடுக்க வேண்டும். குளோரின் கலந்த பிறகு எடுத்துப் பயனில்லை. சாயப்பட்டறை, தோல் தொழிற்சாலைக் கழிவு சேரும் வாய்க்காலும் ஆகாது. அந்த ரசாயனம் பிறகு ஆய்வகத்தில் செல்களைக் கொன்றுவிடும், வைரஸ் கொன்றதா விஷம் கொன்றதா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

நேரம், விடியற்காலை. ஊரே எழுந்து கழிப்பறைக்குப் போகும் அந்த நேரத்து ஓட்டம்தான் கெட்டியானது. கயிறு கட்டிய வாளியை ஓட்டத்தின் நடுவில் இறக்கி ஒரு லிட்டர் எடுத்தால் போதும். கையுறை, முகக்கவசம், கண்ணாடி கட்டாயம். மேன்ஹோலுக்குள் ஆள் இறங்கவே கூடாது, ஒரு நிமிடம்கூட. விஷவாயு எத்தனை உயிரைக் குடித்திருக்கிறது என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை.

பாட்டிலை இறுக மூடி, வெளியே துடைத்து, இன்னொரு உறையில் போட்டு ஐஸ் பெட்டியில் வையுங்கள். 8 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது. வேலை கெடுவது பெரும்பாலும் இந்தப் பயணத்தில்தான். வெயிலில் நின்ற வண்டியில் மாதிரி சூடேறிவிட்டால், ஆய்வகம் "வைரஸ் இல்லை" என்று சொல்வதற்கு அர்த்தமே இல்லை.

[திரையில்: பிரிபுனல், இரண்டு அடுக்காகப் பிரிந்த திரவம்]

ஆய்வகத்தில் முதல் வேலை சுண்டவைப்பது. சூடுபடுத்தி அல்ல. 500 மில்லி கழிவுநீரைச் சுழற்றி வண்டலைத் தனியே எடுத்து வைப்பார்கள். அதைக் கொட்டிவிடக் கூடாது, வைரஸ் வண்டலில் ஒட்டிக்கொள்ளும். தெளிந்த நீரில் 22 சதவீத டெக்ஸ்ட்ரான் கரைசல் 39.5 மில்லி, 29 சதவீத பாலிஎத்திலீன் கிளைகால் 6000 கரைசல் 287 மில்லி, உப்புக் கரைசல் 35 மில்லி. அரை மணி நேரம் கலக்கி, பிரிபுனலில் ஊற்றி, 4 டிகிரியில் ஓர் இரவு விட்டுவிட வேண்டும். காலையில் அடியில் மெல்லிய அடுக்கு ஒன்று நிற்கும். டெக்ஸ்ட்ரான் நிறைந்த அந்தச் சில மில்லியில்தான் வைரஸ் இறங்கியிருக்கும். அதோடு வண்டலையும் சேர்த்து, பாக்டீரியா சாக குளோரோஃபார்ம் விட்டுக் குலுக்குவார்கள்.

அடுத்தது வளர்ப்பது. சாக்கடையில் போலியோவின் பங்காளிகள் ஏராளம்: காக்ஸாக்கி, எக்கோ என்று குடல் வைரஸ்கள். சாதாரண மனித செல்லில் விட்டால் அவை முந்திக்கொண்டு பெருகி, போலியோவை மறைத்துவிடும். அதனால் எல்20பி என்ற செல். இது எலியின் செல். போலியோ வைரஸ் நுழையும் மனிதக் கதவை மட்டும் இதில் மரபணு மூலம் பொருத்தியிருக்கிறார்கள். மற்ற வைரஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு உள்ளே வழி கிடைக்காது. கூடவே ஆர்டி என்ற மனித செல்லிலும் வளர்ப்பார்கள். ஓர் இடத்து மாதிரியில் மாதக்கணக்காக எந்தக் குடல் வைரஸுமே வளரவில்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். இடமோ முறையோ தவறு.

ஐந்தைந்து நாளாகப் பலமுறை மாற்றி வளர்ப்பதால் முடிவுக்கு வாரங்கள் ஆகும். ரஹத்தில் மே கடைசியில் தெரியவந்தது, ஏப்ரலில் எடுத்த மாதிரி.

[திரையில்: மரபணு வரிசை, சில எழுத்துகள் மட்டும் வேறு நிறத்தில்]

வளர்ந்த வைரஸின் மரபணுவில் விபி1 என்ற பகுதியை எழுத்தெழுத்தாகப் படிப்பார்கள். சுமார் 900 எழுத்து. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம், அதாவது 9 எழுத்து மாறும். மாற்றங்களை எண்ணினால் எவ்வளவு காலமாகச் சுற்றுகிறது என்று கணக்குப் போடலாம்.

கொரோனாவுக்கு இந்த வளர்ப்பு வேலை இல்லை. சாக்கடையில் கிடைப்பது உடைந்த ஆர்என்ஏ துண்டுகள்தான், அவற்றை பிசிஆரில் எண்ணுவார்கள். அங்கே தொல்லை மழை. மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாயில் ஓடும் ஊரில், ஒரு நாள் மழைக்கே எண் பாதியாகலாம். நோய் குறைந்தது என்று நினைத்துவிடக் கூடாது. இதற்குத் துணைக்கு வருவது மிளகாய்ச் செடியைத் தாக்கும் ஒரு வைரஸ். உணவில் உள்ள மிளகாய் வழியாக வயிற்றுக்குள் போய், மலத்தில் அப்படியே வெளியேறும். மாதிரியில் மனிதக் கழிவு எவ்வளவு என்பதற்கு அதுவே அளவுகோல். கொரோனா எண்ணை அதால் வகுத்துப் பார்ப்பார்கள். அப்போதும் கிடைப்பது ஏற்றமா இறக்கமா என்பதுதான். இத்தனை பேருக்கு நோய் என்று யாராவது சாக்கடையை வைத்துத் துல்லியமாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

[திரையில்: லண்டன், பெக்டன் நிலையம்]

ஒருமுறை கிடைத்தாலே பரவல் என்று அர்த்தமா? இல்லை. வெளிநாட்டில் சொட்டு மருந்து எடுத்த ஒருவர் வந்துபோனாலும் மருந்திலுள்ள வைரஸ் தெரியும். பிரிட்டனில் ஆண்டுக்கு ஒன்று முதல் மூன்று முறை இப்படித் தட்டுப்படுவது வழக்கம். 2022-இல் நடந்தது வேறு. சுமார் 40 லட்சம் பேரின் கழிவு சேரும் பெக்டனில், பிப்ரவரி முதல் ஜூன் வரை ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவுள்ள இரண்டாம் வகை வைரஸ்கள் தொடர்ந்து கிடைத்தன. ஆளிடமிருந்து ஆளுக்குத் தாவினால்தான் அப்படி வரும்.

பெக்டனில் நின்றுகொண்டு எந்தத் தெரு என்று சொல்ல முடியாது. அதனால் குழாய் வழியே மேல்நோக்கிப் போய், கிளைக் குழாய்களில் மாதிரி எடுத்தார்கள். வடக்கு, கிழக்கு லண்டனின் பகுதிகளில் வைரஸ் தெரிந்தது. ஆகஸ்ட்டில் லண்டனின் 1 முதல் 9 வயதுக் குழந்தைகள் எல்லாருக்கும் கூடுதல் ஊசி அறிவித்தார்கள். இஸ்ரேல் 2013 ஆகஸ்ட்டில் கையில் எடுத்தது சொட்டு மருந்தை. ஏற்கெனவே ஊசி போட்ட பிள்ளைகளின் குடலை அடைக்க அதுதான் வழி. அந்தப் பரவல் முடியும்வரை அங்கே ஒரு குழந்தைக்கும் வாதம் வரவில்லை.