கதைக்குள் ஏன் இத்தனை பெருமூச்சு?

நண்பர்களே, வணக்கம். கதை எழுதுகிறவர்கள் நிறைய பேர் இங்கே இருக்கிறீர்கள், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். நம் கதைகளில் எல்லோரும் அளவுக்கு மீறிப் பெருமூச்சு விடுகிறார்கள். கடன் கேட்டு வந்தவர் விடுகிறார், இல்லையென்று சொல்கிறவரும் விடுகிறார். போன் மணி அடித்தால் திடுக்கிடுகிறார்கள். 'இனம் புரியாத' என்று வாக்கியம் தொடங்கினால், அடுத்து வரப்போவது சோகமா பயமா என்பது மட்டும்தான் பாக்கி. அப்புறம் இதயம் படபடக்கும், கண்கள் பனிக்கும், இருவருக்கும் நடுவே கனத்த மௌனம் நிலவும்.

நன்னூலில் பவணந்தி முனிவர் நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்கிறார். அதில் 'கூறியது கூறல்' எல்லோருக்கும் நினைவிருக்கும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 'வெற்றெனத் தொடுத்தல்'. பொருளில்லாமல் சொற்களை அடுக்கிக்கொண்டே போவது. நம் நோய் அதுதான். ஒரு சொல் பலமுறை வருவது மட்டுமே குற்றமாகிவிடாது.

'என்றான்' என்ற சொல்லைப் பாருங்கள். அது திரும்பத் திரும்ப வருகிறதே என்று பயந்து 'வினவினான்', 'மொழிந்தான்', 'கர்ஜித்தான்' என்று மாற்றி மாற்றிப் போடுகிறோம். தேவையே இல்லை. யார் பேசியது என்று காட்டிவிட்டு 'என்றான்' ஒதுங்கிக்கொள்ளும், படிக்கிறவர் கண்ணில் அது படுவதே இல்லை. கர்ஜித்தவன்தான் கண்ணை உறுத்துவான்.

சங்கப் பாடல்களிலும் ஒரே மாதிரித் தொடர்கள் பல புலவர்களிடம் வருகின்றன. வாய்மொழியாகப் பாடிய மரபின் அடையாளம் அது என்று பேராசிரியர் க. கைலாசபதி, 1968இல் வந்த தம் ஆங்கில ஆய்வில் விளக்கினார். சபையில் நின்று பாடுகிறவருக்கு அப்படிப்பட்ட தொடர்கள் கைகொடுக்கும். வாரத் தொடர் எழுதியவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். அச்சுக்குப் போகும் நேரத்தில், 'தொடரும்' போடுவதற்கு முன்னால், யாரையாவது திடுக்கிட வைத்தே தீர வேண்டும். நமக்கு அந்த அவசரம் இல்லையே. அடித்துத் திருத்த நேரம் இருக்கிறது.

சரி, எப்படித் திருத்துவது? தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைப் படியுங்கள் என்பேன். மனத்தின் உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவதுதான் மெய்ப்பாடு. நகை, அழுகை என்று மெய்ப்பாடுகள் எட்டு. ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நான்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறார் தொல்காப்பியர். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவு என்றால் பிறர் இகழ்வதால் வருகிற சிறுமை. இழவு என்றால் இழப்பு, அசைவு என்றால் தளர்ச்சி. கண்ணீர் எப்படி வழிந்தது என்பதை விட்டுவிட்டு, எதனால் வந்தது என்று பிரிக்கிறார். கதை எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய பாடம் வேறு என்ன வேண்டும்!

இளிவையே எடுத்துக்கொள்வோம். கல்யாண வீடு. பந்தியில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், இலையில் உப்பும் ஊறுகாயும் வைத்தாகிவிட்டது. ஒருவர் வந்து, "நீ அடுத்த பந்தியில உக்காரும்மா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துட்டாங்க" என்கிறார். அவள் எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கை கழுவும் இடத்துக்குப் போகிறாள். ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. இதற்குமேல் 'அவள் கண்கள் பனித்தன' என்று எழுத வேண்டுமா? எழுதினால் படிக்கிறவருக்கு வரவேண்டிய அழுகையை நாமே பிடுங்கிக்கொள்கிறோம்.

எழுதியதைத் திருப்பிப் படிக்கும்போது ஒவ்வொரு பெருமூச்சுக்கும் பக்கத்தில் காரணம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெருமூச்சை அடித்துவிடலாம். இல்லையென்றால் காரணத்தை எழுதும் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. அப்படியே, கதையில் யாராவது தோளைக் குலுக்குகிறாரா என்றும் பாருங்கள். நம் ஊர்ப் பெரியவர் தெரியாது என்பதற்குக் கையை விரிப்பார், உதட்டைப் பிதுக்குவார். தோளைக் குலுக்கி நான் பார்த்ததில்லை.

ஒரு விலக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். உரையாடலில் கைவைக்காதீர்கள். மனிதர்கள் தேய்ந்த சொற்களில்தான் பேசுகிறார்கள். சாவு வீட்டுக்கு வருகிறவர், "என்ன பண்றது, நம்ம கையில என்ன இருக்கு" என்றுதான் சொல்வார். அவர் வாயில் புதுமையான ஆறுதல் ஒன்றைத் திணித்தால் அந்த வீடே பொய்யாகிவிடும்.