கணக்கு மட்டும் தெரிஞ்சா மூளை ஆராய்ச்சி பண்ணலாமா? கேள்விக்கு விளக்கம்

வணக்கம். போன வீடியோவுல நரம்பு செல் எப்படி மின்துடிப்பு அனுப்புதுன்னு பேசினோம். அதைப் பார்த்துட்டு எம்.எஸ்ஸி. கணிதம் படிக்கிற ஒரு தம்பி கேட்டிருக்கார்: "எனக்கு உயிரியல் சுத்தமா வராது. ஆனா கணினி நரம்பியல்ல, அதாவது மூளை வேலை செய்யறதைச் சமன்பாடா எழுதிப் பார்க்கிற துறையில, கூட்டு ஆராய்ச்சி பண்ண ஆசை. சோதனை பண்றவங்க டேட்டா தருவாங்க, நான் சமன்பாடு எழுதித் தரணும், அவ்வளவுதானே?"

அவ்வளவுதான் இல்ல தம்பி. அது வேலையைப் பங்கு போட்டுக்கறது. கூட்டு ஆராய்ச்சி அதுக்கும் முன்னாடி, என்னத்தை அளக்கணும்னு உக்காந்து பேசும்போதே தொடங்கிடுது. ஒரு கதை சொல்றேன், கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

1939 ஆகஸ்ட். இங்கிலாந்துல பிளிமத் கடற்கரை. நரம்பை ஆராய வந்த ரெண்டு பேர்: ஆலன் ஹாட்ஜ்கினுக்கு 25 வயசு, ஆண்ட்ரூ ஹக்ஸ்லிக்கு 21. மீன் மார்க்கெட்ல கணவாய் பார்த்திருப்பீங்க இல்லையா, அந்த இனத்துல ஒரு நரம்பு இழை அரை மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். அதுக்குள்ளயே மெல்லிய மின்முனையை நுழைச்சுடலாம். நுழைச்சாங்க. துடிப்பு வரும்போது உள்பக்க மின்னழுத்தம் பூஜ்யத்தோட நிக்கும்னு அதுவரைக்கும் நினைச்சிருந்தாங்க. அது பூஜ்யத்தைத் தாண்டி மேல போச்சு. ஏன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள உலகப் போர் வந்துடுச்சு. ஹாட்ஜ்கின் ரேடார் வேலைக்குப் போயிட்டார், ஹக்ஸ்லி கப்பல் பீரங்கிக் கணக்குக்குப் போயிட்டார்.

போர் முடிஞ்சு திரும்ப வந்தாங்க. இப்ப பிரச்சினை என்னன்னா, மின்னழுத்தம் மாறினா அயனி போற வழி திறக்குது. வழி திறந்தா அயனி பாயுது. பாய்ஞ்சா மறுபடி மின்னழுத்தம் மாறுது. செக்கு மாடு மாதிரி சுத்திக்கிட்டே இருக்கு. எது காரணம், எது விளைவுன்னு பிரிக்க முடியாது. சமன்பாடு எழுதணும்னா இதை எங்கயாவது அறுத்தாகணும். அதுக்குத்தான் வோல்டேஜ் கிளாம்ப். அமெரிக்காவுல கென்னத் கோலும் ஜார்ஜ் மார்மாண்டும் தொடங்கி வச்ச முறை. மின்னழுத்தத்தை ஒரு இடத்துல பிடிச்சு நிறுத்திட்டு, ஓடுற மின்னோட்டத்தை மட்டும் அளக்கறது. எந்த அளவீடு வேணும்னு இங்க கணக்குதான் சொல்லுது, பாருங்க. பெர்னார்ட் காட்ஸும் அந்த வேலையில கூட இருந்தார். வெளியில இருக்கிற கடல்நீர்ல சோடியத்துக்குப் பதிலா கோலின்ங்கிற வேற ஒரு பொருளைப் போட்டு, சோடியம் ஓட்டம் எது, பொட்டாசியம் ஓட்டம் எதுன்னு தனித்தனியா பிரிச்சாங்க.

இப்ப அந்தச் சமன்பாட்டைப் பாருங்க. பொட்டாசியம் போற வழி எவ்வளவு திறந்திருக்குன்னு சொல்ல 'என்'ங்கிற மாறி நாலாம் அடுக்குல வரும். ஏன் நாலு? சோதனையில பொட்டாசியம் ஓட்டம் உடனே ஏறல. முதல்ல தயங்குச்சு, அப்புறம்தான் வேகம் எடுத்துச்சு. அந்தத் தயக்கத்தைப் பிடிக்க அடுக்கு தேவைப்பட்டுச்சு. அஞ்சு, ஆறு போட்டா இன்னும் நல்லா பொருந்தும், ஆனா அவ்வளவு சிக்கலுக்கு அது ஈடாகாதுன்னு 1952 கட்டுரையில அவங்களே எழுதியிருக்காங்க. எனக்கு அந்த வரி ரொம்பப் பிடிக்கும். சோதனை மேசையில உக்காந்தவங்களாலதான் அப்படி நேர்மையா எழுத முடியும்.

கணக்கு போடற நேரத்துல கேம்பிரிட்ஜ் கம்ப்யூட்டர் மாற்றி அமைக்கிற வேலையில நின்னுபோச்சு. ஹக்ஸ்லி பிரன்ஸ்விகான்னு ஒரு கைக்கணக்கு இயந்திரத்தோட கைப்பிடியைச் சுத்திச் சுத்தி வாரக்கணக்கா போட்டார். துடிப்பு நரம்புல ஓடுற வேகம் நொடிக்கு 18.8 மீட்டர்னு கணக்குல வந்துச்சு. கணவாய் நரம்புல அளந்தது 21.2. துடிப்பு ஓடாம மின்னழுத்தத்தைப் பிடிச்சு நிறுத்தி எடுத்த அளவுகள்ல இருந்து, ஓடுற துடிப்போட வேகத்தை இவ்வளவு கிட்ட சொல்லிட்டாங்க! 1963ல நோபல் பரிசு, ஜான் எக்கிள்ஸோட பகிர்ந்து.

"அது ரெண்டு மூணு பேர் செஞ்ச காலம் சார், இப்ப எல்லாம் பெரிய குழு"ன்னு கேப்பீங்க. சரிதான். சர்வதேச மூளை ஆய்வகம்னு ஒரு கூட்டமைப்பு 2017ல தொடங்கினது. எலி ஒரு சின்ன சக்கரத்தைத் திருப்பி, திரையில தெரியுற கோட்டுப் படத்தை நடுவுக்குக் கொண்டு வரணும். சரியா செஞ்சா குடிக்க ஒரு சொட்டு. இதே பயிற்சி, இதே கருவி, 12 ஆய்வகத்துல. 2025ல முடிவு வெளியாச்சு: 139 எலி, ஆறு லட்சத்துக்கும் மேல நரம்பு செல் பதிவு, 279 மூளைப் பகுதி. முடிவெடுக்கிற தடயம் ஏதோ ஒரு மூலையில மட்டும் இல்லாம மூளை முழுக்கப் பரவிக் கிடக்கு. இங்கயும் கணக்கு ஆளுங்க கடைசியில கூப்பிட்டு வந்தவங்க இல்ல, தொடக்கத்துல இருந்தே குழுவுல இருந்தவங்க. ஒவ்வொரு ஆய்வகமும் தன் இஷ்டத்துக்கு எலியைப் பழக்கியிருந்தா இத்தனை பதிவையும் ஒண்ணா சேர்த்து ஒரே கணக்குல போட்டிருக்க முடியாது.

அதனால உங்களுக்கு நான் சொல்றது, உயிரியல்ல பட்டம் வாங்க வேண்டாம். ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி சமன்பாட்டை பைத்தான்ல நீங்களே எழுதுங்க, ஒரு நாள் வேலைதான். அதுல சோடியம் அதிகபட்சம் எவ்வளவு சுலபமா பாய முடியும்னு சொல்ற 120ங்கிற மாறிலியைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக்கிட்டே வாங்க, துடிப்பு எங்க செத்துப்போகுதுன்னு பாருங்க. அப்புறம் அந்த மாறிலிகள் 6.3 டிகிரி செல்சியஸுக்கு உரியதுன்னு கவனிங்க. பத்து டிகிரி ஏறினா அயனி வழி திறந்து மூடுற வேகம் ஏறக்குறைய மூணு மடங்குன்னு அவங்க எடுத்துக்கிட்டாங்க. அதைத் தெரியாம 37 டிகிரியில இருக்கிற ஒரு எலி நரம்புக்கு அப்படியே தூக்கிப் போட்டா எல்லாமே தப்பாகும். இந்தக் குறிப்போட, நரம்புப் பதிவு எடுக்கிற ஒருத்தரைத் தேடிப் போய், "உங்க பதிவு எத்தனை டிகிரியில எடுத்தது?"ன்னு கேளுங்க. அவர் உங்களை உக்கார வச்சுப் பேசுவார்.