ஹார்ட் டிஸ்க் சாகுறதுக்குள்ள டேட்டாவை வெளிய எடுக்கணுமா? ஃபைலை இல்ல, டிஸ்க்கையே காப்பி எடுங்க

வணக்கம். மேசை மேல இருக்கிறது 1 டிபி, ரெண்டரை இன்ச் ஹார்ட் டிஸ்க். பவர் கொடுக்கிறேன், காது கொடுத்துக் கேளுங்க.

(டிஸ்க் சுழலும் சத்தம்)

ஒரே சீரா ஏறுச்சு, நடுவுல லேசா ஒரு 'கிர்ர்', அப்புறம் அமைதி. மோட்டார் சுத்துது, தட்டுல இருக்கிற டேட்டாவைப் படிக்கிற ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிச்சிடுச்சு. கம்ப்யூட்டர்ல டிஸ்க் தெரியுது, ஆனா ஃபோல்டர் திறக்க ரெண்டு நிமிஷம் ஆகுது, பாதியில தொங்குது. இந்த மாதிரி டிஸ்க்கைத்தான் நீங்க வீட்ல வச்சு காப்பாத்த முடியும். இன்னிக்கு முழுக்க இதைப் பத்திதான். மத்த சத்தத்தையும் சொல்லிடறேன், ஏன்னா எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாதுன்னு காதுதான் முதல்ல சொல்லும்.

'டக்... டக்... டக்'னு தாளம் போட்டுட்டு டிஸ்க் நின்னுடுச்சுன்னா, பெரும்பாலும் ஹெட் போச்சு. தட்டுல எழுதியிருக்கிற வழிகாட்டிக் குறியைப் படிக்க முடியாம, ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய் முட்டிட்டுத் திரும்புது. உடனே பவரை எடுத்துடுங்க. தட்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி சில நானோமீட்டர்தான். ஒடிஞ்ச ஹெட் அந்தத் தட்டைச் சுரண்டினா, டேட்டா பொடியாத்தான் கொட்டும். அதை எந்த லேபும் திருப்பித் தர முடியாது.

'பீப்' மாதிரி மெல்லிசா முனகுனா மோட்டார் சுத்த முடியாம திணறுது. கீழ விழுந்த ரெண்டரை இன்ச் டிஸ்க்ல இது அதிகம். ஹெட் தட்டு மேலயே ஒட்டிக்கிட்டு இருக்கும். தட்டிப் பாக்கிறது, உதறிப் பாக்கிறது, மூடியைத் திறந்து விரலால சுத்தி விடுறது எல்லாம் வேண்டாம். இதுக்கும் டக் டக்குக்கும் தூசு இல்லாத அறை, அதே மாடல்ல ஒரு தானம் கொடுக்கிற டிஸ்க், பிசி-3000 மாதிரி ஒரு கருவி, இந்த மூணும் இருக்கிற லேபுதான்.

சத்தமே இல்லன்னா சந்தோஷப்படுங்க. நிஜமாத்தான் சொல்றேன். அடியில இருக்கிற பச்சை போர்டு மட்டும் செத்திருக்க வாய்ப்பு இருக்கு. வழக்கமா நடக்கிறது என்னன்னா, மூன்றரை இன்ச் எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு 12 வோல்ட் அடாப்டர் வேணும். பின் அளவு ஒத்துப்போகுதுன்னு லேப்டாப்போட 19 வோல்ட் அடாப்டரைச் செருகிடுவாங்க. அப்ப பவர் கனெக்டர் பக்கத்துல, அதிக வோல்ட்டைத் தடுக்கிறதுக்காக இருக்கிற டிவிஎஸ் டயோடு ஷார்ட் ஆகி, மத்ததைக் காப்பாத்திட்டுத் தான் செத்துப்போகும். பொதுவா ரெண்டு இருக்கும், 5 வோல்ட்டுக்கு ஒண்ணு, 12க்கு ஒண்ணு. ரெண்டரை இன்ச்சுல 12 வோல்ட்டே கிடையாது. பவர் இல்லாம மல்டிமீட்டரை கன்டினியூட்டியில வச்சு டயோடோட ரெண்டு முனையையும் தொடுங்க. பீப் அடிச்சா அது ஷார்ட். அதைக் கழட்டி எடுத்தாலே பல டிஸ்க் உயிர் பெறும். ஆனா பாதுகாப்பு போயிடுச்சு, அதனால நல்ல பவர் சப்ளையில போட்டு காப்பி எடுத்துட்டு ஓரமா வச்சிடணும்.

அதே மாடல்ல இன்னொரு டிஸ்க் வாங்கி போர்டை மாத்திட்டா போதும்னு சிலர் கிளம்புவாங்க. பழைய காலத்துல சரி. இப்ப வர்ற போர்டுல எட்டுக் கால் ரோம் சிப் ஒண்ணு இருக்கும், ஆர்-ஓ-எம். அந்த டிஸ்க்கோட ஹெட்டுக்கு மட்டுமே பொருந்துற அளவுகள் அதுல இருக்கு. அந்தச் சிப்பையும் பெயர்த்து புது போர்டுல வைக்கலன்னா வேலைக்கு ஆகாது. சில போர்டுல தனிச் சிப்பே இருக்காது, கன்ட்ரோலருக்குள்ளயே அடங்கியிருக்கும்.

இன்னொண்ணு, கடலோர ஊர்ல இருக்கிறவங்களுக்கு. போர்டைக் கழட்டுனா, ஹெட்டுக்குப் போற தொடுபுள்ளிகள் கறுத்துக் கிடக்கும். டி6 இல்ல டி8 டார்க்ஸ் ஸ்க்ரூடிரைவரால போர்டை மட்டும் எடுத்து, வெள்ளை ரப்பரால மெதுவாத் தேய்ச்சு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைங்க. போர்டைக் கழட்டுறது டிஸ்க்கைத் திறக்கிறது ஆகாது, தட்டு இருக்கிற அறை மூடியேதான் இருக்கும்.

சரி, நம்ம டிஸ்க்குக்கு வருவோம். முதல்ல கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, டிஸ்க்கோட உடல்நிலையைக் காட்டுற விண்டோஸ் மென்பொருள். பாக்க வேண்டியது மூணு வரி: 05, சி5, சி6. செக்டர்ங்கிறது டிஸ்க்ல டேட்டா இருக்கிற சின்னக் கட்டம். 05ன்னா ஏற்கனவே மாத்திப் போட்ட செக்டர். சி5ன்னா படிக்க முடியாம நிலுவையில நிக்கிற செக்டர், நமக்கு வில்லன் இதுதான். சி6ன்னா டிஸ்க் தானே சோதிச்சப்பவும் சரி பண்ண முடியாத செக்டர். நம்ம டிஸ்க்ல சி5 148னு காட்டுது. ஆனா அந்த மென்பொருள் வழக்கமா ஹெக்ஸ்ல காட்டும், அதாவது நம்ம கணக்குல 328. கேபிள் வழியா வர்றப்ப நடக்கிற தப்பை எண்ணுற சி7 மட்டும் ஏறியிருந்து மத்ததெல்லாம் பூஜ்யம்னா, டிஸ்க்கைத் திட்டாதீங்க, டிஸ்க்கைக் கம்ப்யூட்டரோட இணைக்கிற சாட்டா கேபிளை மாத்துங்க.

இப்ப மூணு விஷயம் பண்ணாதீங்க. 'ஃபார்மேட் பண்ணணும்'னு விண்டோஸ் கேட்டா கேன்சல். செக்டிஸ்க் ஓட்டாதீங்க, அது டேட்டாவைக் காப்பாத்துற கருவி இல்ல, ஃபைல் சிஸ்டத்தை, அதாவது எந்த ஃபைல் எங்க இருக்குங்கிற கணக்கை, ஒழுங்குபடுத்துற கருவி. அதுக்காக நொண்டுற டிஸ்க் மேலயே எழுதும். மூணாவது, ஃப்ரீசர். அது இன்னும் சாகாத வதந்தி. வெளிய எடுத்ததும் தட்டு மேல ஈரம் படியும், அவ்வளவுதான்.

எல்லாரும் பண்ற நாலாவது தப்பு, ஃபோல்டரை இழுத்து இன்னொரு டிஸ்க்ல போடுறது. கெட்ட செக்டர்ல மாட்டுனா டிஸ்க் பல நொடி திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும், விண்டோஸ் தன் பங்குக்குத் திரும்பக் கேட்கும். ஹெட் அந்தப் புண்ணு மேலயே திரும்பத் திரும்பப் போயிட்டு இருக்கும். எளிதா வர்ற 99 சதவீதம் பின்னாடி காத்துக்கிட்டு இருக்க, வராத 1 சதவீதத்துக்கு இருக்கிற உயிரைச் செலவு பண்றோம்.

இதுக்கு மாத்து டிடிரெஸ்க்யூ, கெட்டுப்போற டிஸ்க்கை அப்படியே காப்பி எடுக்கிற லினக்ஸ் மென்பொருள். உபுண்டுல பேக்கேஜ் பேர் ஜிடிடிரெஸ்க்யூ, முன்னாடி ஒரு 'ஜி' உண்டு. சிஸ்டம்ரெஸ்க்யூங்கிற லினக்ஸைப் பென்டிரைவ்ல போட்டு பூட் பண்ணா அதுலயே இருக்கு. நல்ல இடத்தை எல்லாம் முதல்ல வேகமா அள்ளிடும், தப்பு வந்தா தாண்டிக் குதிச்சிடும், கடைசியில திரும்பி வந்து ஓரத்தைச் சுரண்டும். எதை எடுத்தாச்சு, எது பாக்கின்னு ஒரு மேப் ஃபைல்ல எழுதிட்டே வரும். நிறுத்திட்டு நாளைக்குத் தொடரலாம்.

போட வேண்டிய இடம் 2 டிபி டிஸ்க்கா இருக்கட்டும். முழு டிஸ்க்கும் ஒரே ஃபைலா வர்றதுக்குப் பேர் இமேஜ். 1 டிபி இமேஜ் இன்னொரு 1 டிபி டிஸ்க்கோட ஃபைல் சிஸ்டத்துக்குள்ள அடங்காது, ஃபைல் சிஸ்டமே கொஞ்சம் இடம் சாப்பிடும். ஃபேட்32 வேண்டாம், 4 ஜிபி தாண்டுன ஃபைலை அது ஏத்துக்காது. மேப் ஃபைலையும் அந்த 2 டிபி டிஸ்க்லயே வைங்க. பென்டிரைவ்ல பூட் பண்ண லினக்ஸ்ல டெஸ்க்டாப்னு தெரியறது பெரும்பாலும் மெமரிதான். கரண்ட் போனா ரெண்டு நாள் மேப் காத்துல போயிடும்.

முடிஞ்சா டிஸ்க்கை உறையிலிருந்து கழட்டி நேரடியா சாட்டாவுல போடுங்க, நடுவுல இருக்கிற யூஎஸ்பி சிப் தப்பு வந்தாலே தடுமாறும். ஆனா எல்லா உறையையும் கழட்டிடாதீங்க. சில எக்ஸ்டர்னல் டிஸ்க்ல யூஎஸ்பி பின் போர்டுலயே பத்த வச்சிருப்பாங்க, சாட்டாவே இருக்காது. சிலதுல நீங்க பாஸ்வேர்டு வைக்கலன்னாலும் அந்த யூஎஸ்பி சிப் எல்லாத்தையும் பூட்டித்தான் எழுதும். அதை விட்டுட்டு சாட்டாவுல போட்டா வெறும் குப்பைதான் தெரியும்.

கட்டளைக்கு முன்னாடி, டிஸ்க்குகளைப் பட்டியல் போடுற எல்எஸ்பிஎல்கேவை மைனஸ் ஓ, நேம், சைஸ், மாடல், சீரியல்னு கேட்டு ஓட்டி, சைஸ், மாடல், சீரியல் நம்பர் மூணையும் லேபிளோட ஒப்பிடுங்க. லினக்ஸ் டிஸ்க்குக்கு வைக்கிற எஸ்டிபி, எஸ்டிசி பேரை நம்பாதீங்க. டிஸ்க் ஒரு தடவை இணைப்பு விட்டுத் திரும்ப வந்தா பேர் மாறிடலாம். 'டிஸ்க், பை ஐடி' ஃபோல்டர்ல இருக்கிற நீளமான பேரைக் கொடுங்க.

முதல் சுற்று: டிடிரெஸ்க்யூ, மைனஸ் டி, மைனஸ் என், பழைய டிஸ்க், இமேஜ் ஃபைல், மேப் ஃபைல். வரிசை முக்கியம், எங்கிருந்துங்கிறது முதல்ல, எங்கேங்கிறது அடுத்து. டி, என் ரெண்டும் சின்ன எழுத்து. மைனஸ் டிங்கிறது லினக்ஸோட கேச்சைத் தாண்டி டிஸ்க்கை நேரடியாப் படிக்கச் சொல்றது. மைனஸ் என்ங்கிறது 'சுரண்டாதே, இப்போதைக்கு விடு'ன்னு சொல்றது. பக்கத்துல ஒரு டேபிள் ஃபேனைத் திருப்பி வைங்க, சூடு 50 டிகிரியைத் தாண்ட வேண்டாம்.

கணக்கு பாத்துக்கோங்க. நொடிக்கு 100 எம்பி வந்தா 1 டிபிக்கு 10,000 நொடி, மூணு மணி நேரத்துக்கும் கம்மி. 1 எம்பிதான் வருதுன்னா 10 லட்சம் நொடி, பதினொன்றரை நாள். அவ்வளவு மெதுவாப் போனா பொறுமையா இருக்கிறதை விட, மைனஸ் பெரிய ஆர் போட்டு பின்னாடியிலிருந்து ஓட்டிப் பாருங்க. சில நேரம் வேகம் கிடைக்கும்.

ஸ்கிரீன்ல ரெண்டு ஆபத்து தெரியும். ஒண்ணு, தப்புக் கணக்கு திடீர்னு ரயில் மாதிரி ஓடும். டிஸ்க் இணைப்பே விட்டுப் போச்சு, மிச்சத்தை எல்லாம் கெட்டதுன்னு எழுதிட்டு இருக்குன்னு அர்த்தம். கன்ட்ரோல் சி அடிங்க, டிஸ்க்குக்குப் பவரை எடுத்துத் திரும்பக் கொடுங்க, விட்டுப்போன இடத்தைத் திரும்ப முயற்சி பண்ணச் சொல்ற மைனஸ் பெரிய ஏ சேர்த்து அதே கட்டளையை ஓட்டுங்க. இதுக்காகவே அப்பப்ப மேப் ஃபைலை ஒரு நகல் எடுத்து வைங்க. ரெண்டாவது, கெட்ட இடமெல்லாம் சேலைக் கரை மாதிரி ஒரே இடைவெளியில வரும். நாலு ஹெட்ல ஒண்ணு செத்திருக்கு. அங்க சுரண்டாதீங்க. டேட்டா முக்கியம்னா இங்கயே நிறுத்திட்டு லேபுக்குப் போங்க, இதுவரை எடுத்த இமேஜும் மேப்பும் கையோட இருக்கட்டும்.

முதல் சுற்று நல்லபடியா முடிஞ்சா 'மைனஸ் என்' எழுத்தை எடுத்துட்டு மைனஸ் சின்ன ஆர் 3 போடுங்க. மூணு தடவை திரும்ப முயற்சி பண்ணும். மூணுக்கு மேல எனக்கு நம்பிக்கை இல்ல.

இனி பழைய டிஸ்க்கைத் தொட வேண்டாம், எல்லா வேலையும் இமேஜ் மேலதான். ஃபைலை மீட்கிற மென்பொருளான டிஎம்டிஈ இல்ல ஆர்-ஸ்டுடியோவுல இமேஜைத் திறந்தா, விண்டோஸோட ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ் பட்டியல் பிழைச்சிருந்தா ஃபோல்டர் பேரோட வந்துடும். டிஎம்டிஈ இலவசப் பதிப்பு ஒரு தடவைக்கு 4,000 ஃபைல் வரைக்கும் கொடுக்கும். பட்டியல் இல்லாமலே ஃபைலைத் தேடி எடுக்கிற ஃபோட்டோரெக் கடைசி வழி. ஜேபெக் வரும், பேர் வராது, தேதிவாரியா அடுக்கி வச்ச கல்யாண ஆல்பம் மொத்தமும் எண் பேர்ல குவியலாக் கிடக்கும்.

எந்த ஃபைல் சேதம்னு தெரியணும்னா இமேஜை ஒரு நகல் எடுங்க. டிடிரெஸ்க்யூவோட ஃபில் மோட்ல, மேப் கெட்டதுன்னு சொல்ற இடத்துல மட்டும் ஒரு அடையாளச் சொல்லை நிரப்பச் சொல்லுங்க. அப்புறம் அந்த நகலிலிருந்து ஃபைல்களை எடுத்து, ஃபைலுக்குள்ள சொல்லைத் தேடுற கிரெப் கட்டளையைப் போட்டு அந்தச் சொல்லைத் தேடுங்க. எதுல அது சிக்குதோ அந்த ஃபைல்தான் சேதம். பட்டியலை எழுதி வச்சுக்கிட்டு, அந்த ஃபைலுக்கு மட்டும் வாட்ஸ்அப்லயோ பழைய போன்லயோ இன்னொரு பிரதி இருக்கான்னு தேடுங்க. தேடி முடிக்கிற வரைக்கும் பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீங்க, லேபிள் ஒட்டி அலமாரியில வைங்க.