மூன்றாவது எண்

நேயர்களுக்கு வணக்கம்.

திருகோணமலையில் விசேட கல்வி ஆசிரியையாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். கலியாண வீட்டிலும் கோயில் வீதியிலும் சந்தித்தவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ரீச்சர், உங்கள் வகுப்பில் எத்தனை பிள்ளைகள்?" அந்த அறையில் பெரியவர்கள் எத்தனை பேர் என்று ஒருவரும் கேட்டதில்லை.

நியூயோர்க் நகரில் இந்த இரண்டாவது கேள்வியை வகுப்பின் பெயரிலேயே வைத்துவிட்டார்கள். அங்கே '75ஆம் மாவட்டம்' என்று ஒன்று உண்டு. வரைபடத்தில் தேடாதீர்கள், அதற்கு எல்லை கிடையாது. கடுமையான இயலாமையுள்ள பிள்ளைகளுக்காக நகரமெங்கும் பரவியிருக்கும் அரச பாடசாலைகளின் நிர்வாகப் பெயர் அது. அங்குள்ள வகுப்புகளை 12:1:1, 8:1:1, 6:1:1 என்று குறிப்பிடுவார்கள். முதல் எண், வகுப்பில் இருக்கக்கூடிய பிள்ளைகளின் உச்ச அளவு. இரண்டாவது எண் ஆசிரியர். மூன்றாவது எண் உதவியாளர். பல குறைபாடுகள் ஒன்றாகச் சேர்ந்த பிள்ளைகளின் வகுப்பு 12:1:4, அதாவது மூன்று பிள்ளைகளுக்கு ஓர் உதவியாளர். எந்தப் பிள்ளைக்கு எந்த வகுப்பு என்பது அந்தப் பிள்ளையின் தனியாள் கல்வித் திட்டத்தில் எழுதப்பட்டிருக்கும். அப்படியொரு திட்டம் எழுதியே ஆகவேண்டும் என்று அமெரிக்கா 1975இல் சட்டம் செய்தது.

அங்கே எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. அந்த வகுப்புகளில் கறுப்பின, இலத்தீன் அமெரிக்கக் குடும்பங்களின் பிள்ளைகள் மிகுதி, அவர்களிலும் ஆண் பிள்ளைகள் மிகுதி என்பது பழைய குற்றச்சாட்டு. ஆனாலும் அந்த மூன்றாவது எண்ணின் மீது எனக்குப் பொறாமை உண்டு. மறைக்க என்ன இருக்கிறது?

நமது சாதாரண பாடசாலைகளில் இருப்பது விசேட கல்வி அலகு. என் காலத்தில் அது ஓர் அறையும் ஓர் ஆசிரியரும்தான். ஆறு வயதுப் பிள்ளையும் மீசை அரும்பிய பிள்ளையும் ஒரே பாயில் இருப்பார்கள். ஒருவருக்குக் காது கேளாது, ஒருவருக்கு ஆட்டிசம், இன்னொருவருக்குப் பெருமூளை வாதம்.

என் இடாப்பில் பெண் பிள்ளைகளின் பெயரை ஒரு கைவிரல்களால் எண்ணிவிடலாம். ஆட்டிசம் ஆண் பிள்ளைகளிடம்தான் அதிகம் கண்டறியப்படுகிறது, அதனால்தான் இப்படி என்று முதலில் நானும் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவிக் குறைபாடு ஆண், பெண் இருபாலாரிடமும் ஏறக்குறைய ஒரே அளவில் காணப்படுவது. அந்தப் பெண் பிள்ளைகள் எங்கே? விசாரித்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். சல்லிக் கிராமத்தில் ஒரு தாய் வாசலிலேயே கேட்டார்: "ரீச்சர், அவளை மலசலகூடத்துக்கு யார் கூட்டிக்கொண்டு போவார்கள்? மாதத்தில் அந்த நாட்கள் வந்தால் யார் பார்ப்பார்கள்?" என்னிடம் பதில் இல்லை. நான் அவளுடன் போனால் வகுப்பில் மற்றப் பிள்ளைகளுடன் யார் இருப்பது?

இதை ஓர் அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். இடாப்பைப் புரட்டிப் பார்த்தவர், "பிள்ளைகள் குறைவாகத்தானே இருக்கிறார்கள், இன்னுமோர் ஆள் எதற்கு?" என்றார். ஆள் இல்லாததால்தான் பிள்ளைகள் குறைவு என்று சொன்னது அவருக்கு விடுகதை போலத் தோன்றியிருக்க வேண்டும். பிள்ளைகளை எண்ணி ஆளணி போடுகிறார்கள். பெற்றோரோ ஆளணியைப் பார்த்துப் பிள்ளையை அனுப்புகிறார்கள்.

2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபோதும் இதே கணக்கைத்தான் பார்த்தேன். அதற்கு முன்னர் கிண்ணியாவிலிருந்து நீரைக் கடக்கப் படகுப் பாதைதான். நடக்க முடியாத மகனை ஒரு தாய் இடுப்பில் சுமந்து, அதில் ஏறி இறங்கி எத்தனை நாள் வர முடியும்? பாலம் வந்த பிறகு அந்தப் பிள்ளை முச்சக்கரவண்டியில் ஒழுங்காக வந்தான். குறைபாடு அப்படியேதான் இருந்தது, இடாப்பில் வரவு மட்டும் கூடியது.

எங்கள் மூன்றாவது எண் வெளியே வேப்பமரத்தடியில் இருந்தது. தாய்மார். தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் சோற்றுப் பொதியைப் பகிர்ந்துகொண்டு, மணி அடிக்கும்வரை காத்திருப்பார்கள். உள்ளே ஒரு பிள்ளை அலறினால் அது யாருடைய பிள்ளை என்று குரலிலேயே தெரிந்துவிடும். அந்தப் பிள்ளையின் தாய் அன்று வரவில்லை என்றால் இன்னொருத்தி எழுந்து வருவாள். சம்பளமும் இல்லை, பயிற்சியும் இல்லை. அன்றைய கூலி வேலையையும் விட்டுவிட்டுத்தான் அங்கே இருந்தார்கள். கிண்ணியாத் தாய், வலிப்பு வந்த பிள்ளையைப் பக்கவாட்டில் கிடத்தும் விதத்தை என்னைப் பார்த்தே பழகிக்கொண்டார். மகனுக்குப் பதினாறு முடிந்து அவன் நின்ற பிறகும், அடுத்த மாதம் அவர் தனியே வந்து அதே வேரில் உட்கார்ந்திருந்தார். "வீட்டில் இருக்க மனம் வரவில்லை ரீச்சர்" என்றார். உள்ளே வரச்சொல்லி ஒரு கதிரையைப் போட்டேன்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோருக்கு ஒன்று. 2016ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிப்படி ஐந்து முதல் பதினாறு வயதுவரை கல்வி கட்டாயம், உங்கள் மகளுக்கும் அப்படித்தான். திருகோணமலை, திருகோணமலை வடக்கு, மூதூர், கிண்ணியா, கந்தளாய் ஆகிய ஐந்து வலயங்களில் உங்களுடையது எதுவோ அந்த வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போய், விசேட கல்விக்குப் பொறுப்பானவரைக் கேளுங்கள். பெரியவர்கள் எத்தனை பேர் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

வணக்கம்.