ஆட்டம் நின்ற ஆண்டுகள்

(தருமபுரியில் நடன ஆசிரியர்களும் மாணவியரும் பெற்றோரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைக்கு வணக்கம். நடனம் அமைப்பவர்களின் வாழ்க்கையைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். இத்தகைய உரைகளில் வழக்கமாக அரங்கேற்றத்தில் தொடங்கி விருதில் முடிகிற வரலாறு சொல்லப்படும். இடையில் ஆட்டம் நின்றுபோன ஆண்டுகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நடனம் ஆடுகிறவர் நடனம் அமைக்கிறவராக மாறுவது பெரும்பாலும் அந்த ஆண்டுகளில்தான் என்பது என் எண்ணம்.

1928-இல் மராட்டியத்தில் பிறந்து, சென்னைக்கு வந்து எல்லப்பப் பிள்ளையிடம் பரதம் பயின்றவர் சந்திரலேகா. 1952-இல் அவருடைய அரங்கேற்றம் இராயலசீமை வறட்சி நிவாரண நிதிக்காக நடத்தப்பட்டது. இராயலசீமை நமக்கு அந்நியமான சீமை அன்று. கிருஷ்ணகிரியிலிருந்து குப்பம் போகும் சாலையில் மாநில எல்லையைத் தாண்டினால் அங்கே தொடங்கிவிடுகிறது. அன்று அவர் ஆடிய உருப்படிகளுள் ஒன்று, யமுனையில் பெண்கள் நீராடி விளையாடுவதைச் சொல்வது. நீரை அள்ளித் தெளிக்கும் அபிநயத்தின் நடுவில், நாளேடுகளில் தாம் பார்த்திருந்த வெடித்த நிலத்தின் படங்கள் கண்முன் வந்ததாகவும், ஒரு கணம் அப்படியே உறைந்து நின்றதாகவும் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். தவறிய தாளமோ, அடவு எனப்படும் ஆட்ட அசைவை மறந்ததோ அவரை நிறுத்தவில்லை. கற்ற கலைக்கும் கண்ட நிலத்துக்கும் இடையில் பாலம் இல்லை என்பது அந்தக் கணத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது.

அதன் பிறகும் சில ஆண்டுகள் ஆடினார். பின்னர் மேடையை விட்டு விலகினார். எழுதினார், சுவரொட்டிகள் வரைந்தார், பெண்கள் இயக்கத்தில் பணியாற்றினார். 1972-இல் நவகிரகம் என்ற படைப்போடு திரும்பி வந்தவர், மீண்டும் ஒதுங்கிக்கொண்டார். 1980-களின் தொடக்கத்தில் அவர்மீதும் நண்பர் சதானந்த் மேனன்மீதும் தேசத்துரோக வழக்குக்கூடப் போடப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்டது. 1984-இல் பம்பாயில் கிழக்கு மேற்கு நடனக் கலைஞர்கள் சந்தித்த நிகழ்வில் தம் பழைய படைப்புகளின் பகுதிகளைக் காட்டியதுதான் அவருடைய உண்மையான மறுவருகை. அடுத்த ஆண்டு வந்தது அங்கிகா என்ற படைப்பு. அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. நம் வீடுகளில் அந்த வயதுப் பெண்ணிடம் முழங்கால் வலிக்கு என்ன தைலம் தடவுகிறீர்கள் என்றுதான் கேட்போம்.

அங்கிகாவில் கனத்த நகை இல்லை. தெய்வத்தை நோக்கி ஏங்கும் நாயகியும் இல்லை. யானையாகவும் சிங்கமாகவும் உடலைத் தாழ்த்திப் பாயும் கேரளத்துக் களரிப் போர்ப்பயிற்சி, முழங்காலை மடக்கிப் பாதி அமர்ந்து ஆடும் பரதத்தின் அரைமண்டியோடு ஒரே மேடையில் நின்றது. ஆணின் முதுகை வாகனமாகக் கொண்டு பெண் அமரும் காட்சி இருந்தது. இது பரதமே அன்று என்று ஒரு சாரார் முகம் சுளித்தனர். அவர் பின்வாங்கவில்லை. பாஸ்கரரின் கணித நூலைக்கொண்டு லீலாவதியையும், 1991-இல் ஸ்ரீயையும், 2001-இல் சரீராவையும் அமைத்தார். ஸ்ரீயில் முதுகு வளைந்த பெண்கள் மேடையைக் குறுக்கே மெல்லக் கடப்பார்கள். வேகத்தைத் திறமையாக எண்ணிப் பழகிய நமக்கு அந்த மெதுவான நடை பொறுமையைச் சோதிக்கும். சோதிக்கத்தான் வேண்டும்.

இன்னொருவரையும் தொட்டுச் செல்கிறேன். நவீன இந்திய நடனத்தின் முன்னோடியான உதயசங்கர் இமயமலை அடிவாரத்து அல்மோராவில் நிறுவிய கலை மையம் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பணமின்றி மூடப்பட்டது. பின்னர் சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் அவர் எடுத்து 1948-இல் வெளியான கல்பனா திரைப்படமும் வசூலில் தோற்றது. நம் பத்மினி அந்தப் படத்தில் ஆடினார் என்பதை மட்டும் தமிழர்கள் மறக்கவில்லை.

இனி நம் மாவட்டத்துக்கு வருகிறேன். இங்கே ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு மிகுதி என்பதை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் பல்லில் பழுப்பு ஏறும். இன்னும் மிகுந்தால் எலும்பிலும் மூட்டிலும் இறுகும். ஜப்பான் கடனுதவியோடு கட்டப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஆனால் அதற்கு முன்பே இறுகிப்போன முதுகுகள் நம் ஊர்களில் இன்றும் இருக்கின்றன. இதை ஆட முடியுமா என்று என் மாணவியரோடு முயன்று பார்த்தேன். முதுகெலும்பு இறுகியவர் கூப்பிட்ட குரலுக்குக் கழுத்தை மட்டும் திருப்ப மாட்டார், உடல் முழுவதையும் திருப்புவார். அரைமண்டியோ, முழங்கால் மடங்கினால்தான் உண்டு. ஆகவே காலை நீட்டி ஆடும் நாட்டடவு ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் மண்டியைச் சிறிது சிறிதாகக் குறைத்து, பிறகு இடுப்பின் அசைவையும் கழுத்தின் அசைவையும் எடுத்துவிட்டு, கடைசியில் பாதத்தின் தட்டும் கண்ணின் ஓட்டமும் மட்டும் எஞ்சும்படி அமைத்தோம். ஆட்டத்துக்குச் சொல்லப்படும் தாளச் சொற்களான சொல்லுக்கட்டு முதல் சுற்றில் இருந்தபடியே கடைசிவரை முழங்கும். உடல் மட்டும் அதற்குப் பதில் சொல்ல இயலாமல் நிற்கும்.

ஓர் ஊர்த் திருவிழா மேடையில் அதை முதன்முதலாக ஆடியபோது, பாதியில் பாட்டை நிறுத்தச் சொன்னார்கள். அம்மனுக்கு ஆடும் நாளில் நோயை ஏன் ஆட வேண்டும் என்பது விழாக் குழுவினரின் கேள்வி. அடுத்து ஒரு திரைப்பாடல் ஒலித்தது. பிள்ளைகள் அதற்கும் ஆடிவிட்டு இறங்கினார்கள். அந்தக் கேள்வியில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் அதைக் கேட்கக்கூடாத கேள்வி என்று நான் நினைக்கவில்லை. நம் பாரத விழாவில் துரியோதனன் வீழும் படுகளத்தன்று சாவையே அல்லவா ஊர் கூடிப் பார்க்கிறது? மண்ணில் கிடக்கும் துரியோதனன் உருவத்தைச் சுற்றி ஒப்பாரி எழும்போது எவரும் எழுந்து போவதில்லை. அப்படியானால் சிக்கல் பொருளில் இல்லை. அதை ஊருக்குள் எந்த வழியாக அழைத்து வருவது என்பதில் இருக்கிறது.

வழியைத் தெருக்கூத்துக்காரர்களிடம் கற்கலாம். திரைக்குப் பின்னிருந்து வேடம் பாடத் தொடங்கும், தலைக்கிரீடம் மட்டும் தெரியும். இன்னார் வருகிறார் என்று, கூத்தின் கோமாளியும் அறிவிப்பாளனுமான கட்டியக்காரன் கூட்டத்தோடு பேசிச் சிரித்துத் தயார்படுத்துவான். அதன் பிறகே திரை விலகிக் கிறுகிறுவென்று சுழன்று வேடம் களத்துக்கு வரும். எங்கள் உருப்படியில் அந்த முன்னேற்பாடு எதுவும் இல்லை. விளக்கு எரிந்தது, வலியோடு தொடங்கினோம். இப்போது ஒரு கூத்துக் கலைஞர் எங்களோடு ஒத்திகைக்கு வருகிறார். கட்டியக்காரனாக அவர் முதலில் குடிநீர்க் குழாயடிச் சண்டையைச் சொல்லிச் சிரிக்க வைக்கிறார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் முதல் சுற்று தொடங்கிவிடுகிறது.

இது சோறு போடுமா என்று பெற்றோர் கேட்பது நியாயமே. இந்த உருப்படி போடாது. வகுப்புக் கட்டணமும் பள்ளி ஆண்டு விழாக்களும்தான் என் போன்றவர்களின் வீட்டில் உலை ஏற்றுகின்றன. ஆண்டு விழாவுக்குத் திரைப்பாடல் அமைத்துக் கொடுப்பதை நான் இழிவாக எண்ணியதில்லை. நாற்பது குழந்தைகளை நான்கு நிமிடத்துக்குள் முட்டாமல் மோதாமல் மேடையேற்றி இறக்கத் தெரிந்தவருக்குக் கூட்ட ஆட்டத்தின் இலக்கணம் பாதி கைவந்துவிடும். அந்தக் கூலியில்தான் மறு பாதிக்கான ஒத்திகை நடக்கிறது.

எங்கள் உருப்படி இன்னும் முடியவில்லை. கடைசிச் சுற்றின் காலப்பிரமாணத்தில், அதாவது தாள வேகத்தில், மிருதங்கக்காரருக்கும் கூத்துக் கலைஞருக்கும் உடன்பாடு ஏற்படவில்லை. ஒருவர் தாளம் நிற்க வேண்டும் என்கிறார், மற்றவர் விரைய வேண்டும் என்கிறார். அடுத்த முறை அதை மேடையில் அல்லாமல் மண் தரையில், மூன்று பக்கமும் மக்கள் அமரும் களத்தில் ஆட எண்ணியிருக்கிறோம். இங்கிருக்கும் ஆசிரியர்கள் அன்று வந்து, எந்த இடத்தில் அது வெறும் நோய்க்குறிப்பாக நின்றுவிடுகிறது, எந்த இடத்தில் ஆட்டமாகிறது என்று எங்களுக்குச் சொல்ல வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.