யார் எழுதிய ஜெபம்?

டெக்சாஸ் தமிழ் நண்பர்கள் எல்லோருக்கும் வணக்கம். முதலில் ஒரு ஜெபத்தைச் சொல்கிறேன், எழுந்திருக்க வேண்டாம், கண்ணை மூடவும் வேண்டாம். “சர்வ வல்லமையுள்ள கடவுளே, நாங்கள் உம்மையே சார்ந்திருக்கிறோம் என்று ஒப்புக்கொள்கிறோம், எங்கள்மீதும் எங்கள் பெற்றோர், ஆசிரியர், தேசத்தின்மீதும் உமது ஆசீர்வாதத்தை வேண்டுகிறோம்.” அவ்வளவுதான். ஆங்கிலத்தில் மொத்தம் 22 வார்த்தை. இதை எழுதியது பாஸ்டரும் இல்லை, பாதிரியாரும் இல்லை, நியூயார்க் மாநிலத்தின் கல்வி வாரியம். 1951-இல் எழுதி, பள்ளிகளில் காலையில் சொல்லச் சொல்லிப் பரிந்துரைத்தார்கள். இயேசு பெயர் இல்லை, மோசே பெயர் இல்லை, யார் மனமும் புண்படக்கூடாது என்று பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். பத்தியச் சாப்பாடு மாதிரி ஒரு ஜெபம். இதற்காகத்தான் அமெரிக்கா அறுபது வருஷத்துக்கு மேலாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது.

லாங் ஐலண்டில் நியூ ஹைட் பார்க் என்ற ஊரில் ஐந்து குடும்பத்தார் வழக்குப் போட்டார்கள். ஸ்டீவன் எங்கல் என்பவர் பெயர் முதலில் இருந்ததால் அது ‘எங்கல் எதிர் விட்டாலே’ வழக்கு ஆனது. 1962 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றம் 6-க்கு 1 என்று தீர்ப்புச் சொன்னது: குழந்தைகள் சொல்ல வேண்டிய ஜெபத்தை எழுதிக்கொடுப்பது அரசாங்கத்தின் வேலை இல்லை. சொல்ல விரும்பாத பிள்ளை வெளியே போகலாம் என்று விதி இருந்ததே என்று கேட்டால், இருந்தது, ஆனால் எழுதியது அரசாங்கம், அங்கேயே அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம், அதாவது அரசாங்கம் எந்த மதத்தையும் நிறுவக் கூடாது என்கிற விதி, மீறப்பட்டுவிட்டது என்றார்கள்.

தீர்ப்பை எழுதிய நீதிபதி ஹியூகோ பிளாக் நாத்திகர் என்று யாராவது நினைத்தால் தப்பு. அலபாமாக்காரர், பாப்டிஸ்ட் என்ற புராட்டஸ்டன்ட் சபையைச் சேர்ந்தவர், பர்மிங்ஹாமில் வருஷக்கணக்காக ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்தியவர். (1920-களில் கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலில் இருந்த கறையும் அவருக்கு உண்டு, அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.) மதம் மிகவும் சொந்தமானது, மிகவும் புனிதமானது, ஒரு சர்க்கார் அதிகாரி கைவைத்துக் கெடுக்கக்கூடியது இல்லை என்கிற பொருளில் அவர் எழுதினார். அது பழைய பாப்டிஸ்ட் குரல். வர்ஜீனியாவில் அரசாங்கச் சபையாக ஆங்கிலிகன் சபை இருந்த காலத்தில், உரிமம் இல்லாமல் பிரசங்கம் பண்ணினார்கள் என்று பாப்டிஸ்ட் போதகர்களைச் சிறையில் போட்டார்கள். பின்னாளில் ஜனாதிபதிகளான மாடிசனும் ஜெஃபர்சனும் மதச் சுதந்திரத்துக்காக நின்றபோது பக்கத்தில் நின்றவர்கள் அவர்கள்தான். 1802-இல் ஜெஃபர்சன் ‘சபைக்கும் அரசுக்கும் நடுவே ஒரு சுவர்’ என்று எழுதினாரே, அந்தக் கடிதம் யாருக்குப் போனது? கனெக்டிகட் மாநிலம் டான்பரியில் இருந்த பாப்டிஸ்டுகளுக்கு.

நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இதுதான். பள்ளியிலிருந்து ஜெபத்தைத் துரத்தியது நாத்திகர்கள் என்று ஒரு கதை ஊர் முழுக்க ஓடுகிறது. இந்தச் சண்டை ஆரம்பித்தது கிறிஸ்தவர்களுக்குள்ளேயே. சரி, எப்படி என்று பார்ப்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க அரசுப் பள்ளியில் தினமும் பைபிள் வாசிப்பார்கள், ஆனால் எந்த பைபிள்? கிங் ஜேம்ஸ், அதாவது புராட்டஸ்டன்ட் பைபிள். அயர்லாந்திலிருந்து கத்தோலிக்கர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினார்கள். எங்கள் பிள்ளைகள் எங்கள் பைபிளை வாசிக்கட்டும் என்று ஃபிலடெல்ஃபியா ஆயர் கென்ரிக் கேட்டார், கேட்டது அவ்வளவுதான். கத்தோலிக்கர்கள் பள்ளியை விட்டு பைபிளையே தூக்கப் பார்க்கிறார்கள் என்று புரளி கிளம்பி, 1844-இல் கலவரம் வெடித்தது. புனித மிக்கேல் ஆலயமும் புனித அகுஸ்தீன் ஆலயமும் எரிந்தன, தெருவில் ஆட்கள் செத்தார்கள். இரண்டு பக்கமும் இயேசுவைக் கும்பிடுகிறவர்கள்.

1859-இல் பாஸ்டன் எலியட் பள்ளியில் நடந்தது இன்னும் மோசம். தாமஸ் வால் என்று ஒரு பத்து வயதுக் கத்தோலிக்கப் பையன், பத்துக் கட்டளைகளை புராட்டஸ்டன்ட் முறைப்படி சொல்ல மாட்டேன் என்றான். ஆசிரியர் பிரம்பால் அவன் கையில் அரைமணி நேரம் அடித்தார். அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான பையன்கள் அந்தப் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். வழக்கு கோர்ட்டுக்குப் போனது, ஆசிரியர்மேல் தப்பில்லை என்று விட்டுவிட்டார்கள்.

பத்துக் கட்டளையில் என்ன முறை வேண்டியிருக்கிறது, எல்லாம் ஒன்றுதானே என்று இங்கே சில முகங்களில் தெரிகிறது. நம்மூரில் சி.எஸ்.ஐ. சபைக்காரரையும் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற ஆர்.சி. வீட்டுக்காரரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து இரண்டாம் கட்டளை என்ன என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் விக்கிரகம் செய்யாதே என்பார். மற்றவர் ஆண்டவர் பெயரை வீணாகச் சொல்லாதே என்பார். கத்தோலிக்கர்கள் விக்கிரகம் பற்றிய வரியை முதல் கட்டளைக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள், கடைசிக் கட்டளையை இரண்டாகப் பிரித்துப் பத்தை நிரப்புகிறார்கள். யூதர்களின் கணக்கு இன்னும் வேறு. சுரூபத்தின் முன்னால் மெழுகுவத்தி ஏற்றுகிற வீட்டுப் பிள்ளையிடம், அதைத் தனிக் கட்டளையாக்கித் தினமும் சொல்ல வைத்தால் அது வெறும் எண் வித்தியாசமா?

1962-க்கு வருவோம். தீர்ப்பு வந்ததும் நாடு கொதித்தது. வழக்குப் போட்ட ரோத் குடும்பத்தின் வீட்டு வாசலில் பெட்ரோல் ஊற்றிச் சிலுவையைக் கொளுத்தினார்கள். நியூயார்க் கார்டினல் ஸ்பெல்மன் அதிர்ச்சியும் அச்சமும் அடைந்ததாகச் சொன்னார். நூறு வருஷத்துக்கு முன்னால் அடிபட்டது யாருடைய பிள்ளைகள் என்று அவருக்கு யாராவது ஞாபகப்படுத்தியிருக்கலாம். அலபாமாவின் காங்கிரஸ் உறுப்பினர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ், பள்ளிக்குள் கறுப்பர்களைக் கொண்டுவந்தார்கள், இப்போது கடவுளை வெளியே துரத்திவிட்டார்கள் என்றார். இந்த ஒரு வாக்கியத்தைக் கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள், அந்தக் கோபத்தில் எவ்வளவு பங்கு ஜெபத்துக்கு, எவ்வளவு பங்கு பள்ளிகளில் கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்துவைக்கக் கூடாது என்ற 1954-இன் பிரவுன் தீர்ப்புக்கு என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். நிதானமாகப் பேசியது ஜனாதிபதி கென்னடி. நமக்கு சுலபமான ஒரு வழி இருக்கிறது, நாமே ஜெபிப்போம், வீட்டில் இன்னும் அதிகமாக ஜெபிப்போம் என்றார்.

அடுத்த வருஷம் ‘ஷெம்ப்’ வழக்கு. பென்சில்வேனியாவில் தினமும் பைபிளில் குறைந்தது பத்து வசனம் வாசிக்க வேண்டும் என்று சட்டம். 1956-இல் எல்லரி ஷெம்ப் என்ற பதினாறு வயதுப் பையன், பைபிள் வாசிக்கும் நேரத்தில் குர்ஆனைத் திறந்துவைத்து மனத்துக்குள் வாசித்தான். ஹெட்மாஸ்டர் அறைக்கு அனுப்பிவிட்டார்கள். 1963-இல் 8-க்கு 1 என்று அந்தச் சட்டமும் போனது. ஆனால் அதே தீர்ப்பில், பைபிளை இலக்கியமாகவும் வரலாறாகவும் பாடம் நடத்தத் தடையே இல்லை என்று நீதிபதி கிளார்க் எழுதியிருக்கிறார். இதை மேடையில் யாரும் சொல்வதில்லை, சொன்னால் கூட்டம் கைதட்டாது.

அப்படியானால் எதுதான் தடை? பிள்ளை பரீட்சைக்கு முன்னால் ஜெபிக்கலாம், சாப்பாட்டுக்கு முன் நன்றி சொல்லலாம், நண்பர்களோடு பைபிள் படிக்கலாம். 1984-இல் வந்த சட்டம், மற்ற மாணவர் மன்றங்களுக்கு இடம் கொடுக்கும் உயர்நிலைப் பள்ளி, பைபிள் மன்றத்துக்கும் இடம் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது. 1990-இல் டெக்சாஸ் பர்ல்சனில் ஆரம்பித்து இன்றைக்கும் செப்டம்பர் தோறும் மாணவர்கள் பள்ளிக் கொடிக்கம்பத்தைச் சுற்றி நின்று ஜெபிக்கிறார்கள், யாரும் தடுப்பதில்லை. சில பள்ளி அதிகாரிகள் வழக்குக்குப் பயந்து, பிள்ளை தானாக பைபிள் வாசிப்பதைக்கூடத் தடுத்தது உண்டு. அது தப்பு, கிறிஸ்தவப் பெற்றோர் அதில் கோபப்படுவது நியாயம்.

அரசியல்வாதிகளுக்கு இது போதவில்லை. ஜனாதிபதி ரீகன் பள்ளி ஜெபத்துக்காக அரசியல் சாசனத்தையே திருத்தப் பார்த்தார். 1984 மார்ச்சில் செனட்டில் 56 பேர் ஆதரவு, 44 பேர் எதிர்ப்பு, வேண்டியது 67. எதிர்த்தவர்களில் ரீகன் கட்சிக்காரர்களே பலர். ஓரிகன் செனட்டர் மார்க் ஹாட்ஃபீல்டும் எதிர்த்தார், அவர் ஊரறிந்த பக்திமான், பாப்டிஸ்ட். நான் சொன்ன அந்த மாணவர் மன்றச் சட்டத்துக்காக அதே வருஷம் பாடுபட்டவரும் அவர்தான். எனக்கு இந்த மனிதரைப் பிடிக்கும், பிள்ளை ஜெபிக்கக் கதவைத் திறந்துவிடுவது வேறு, அரசாங்கம் ஜெபம் நடத்துவது வேறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அதற்குள் தெற்கு பாப்டிஸ்ட் மாநாடு என்ற சபை அமைப்பு 1982-லேயே ரீகன் திருத்தத்தை ஆதரித்துத் தீர்மானம் போட்டுவிட்டது. சிறையில் கிடந்த பாட்டன்களின் பேரப்பிள்ளைகள்! கையில் பெரும்பான்மை வந்ததும் சுவர் இடைஞ்சலாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது.

கோர்ட்டும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. 2000-இல் இதே டெக்சாஸின் சான்டா ஃபே ஊர் வழக்கில், ஃபுட்பால் ஆட்டத்துக்கு முன் மைக்கில் ஜெபம் நடத்துவது கூடாது என்றார்கள். வழக்குப் போட்டது ஒரு மார்மன் குடும்பமும் ஒரு கத்தோலிக்கக் குடும்பமும், பெயரை மறைத்துத்தான் போட முடிந்தது. அவர்கள் யார் என்று தோண்டப் பார்க்காதீர்கள் என்று நீதிபதியே எச்சரிக்க வேண்டியிருந்தது. 2022-இல் வாஷிங்டன் மாநிலம் பிரமர்டனில் மைதானத்தின் நடுவே மண்டியிட்ட கோச் ஜோசப் கென்னடியின் வழக்கில் 6-க்கு 3 என்று கோச்சுக்கு வெற்றி. அமைதியான தனிப்பட்ட ஜெபம் என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. எதிர்த்து எழுதிய நீதிபதி சோட்டோமேயர், ஆட்டக்காரர்கள் கோச்சைச் சுற்றி மண்டியிட்டிருக்கும் போட்டோவையே தீர்ப்புக்குள் வைத்துவிட்டார். சேராவிட்டால் ஆட்டத்தில் இறக்கமாட்டார்களோ என்று பயந்து கடவுள் நம்பிக்கையில்லாத ஒரு பையனும் போய்ச் சேர்ந்துகொண்டதாக அவன் அப்பா சொன்னதும் அதில் இருக்கிறது. அந்த வயதில் கோச் சொல்லாமலே அவர் நினைப்பதைச் செய்கிற பிள்ளைகள்தான் அதிகம். எனக்கு சோட்டோமேயர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது, நீங்கள் வேறு மாதிரி நினைக்கலாம்.

அப்புறம் நம் வீட்டு வாசலுக்கு வருகிறேன். டெக்சாஸ் 2025-இல் இரண்டு சட்டம் போட்டது. ஒன்று, ஒவ்வொரு வகுப்பறையிலும் பத்துக் கட்டளைகள், அளவு குறைந்தது 16-க்கு 20 அங்குலம், வாசகத்தைச் சட்டமே எழுதிக்கொடுத்திருக்கிறது. அந்த வாசகத்தில் விக்கிரகம் செய்யாதே என்பது தனி வரி. வீட்டில் பிள்ளையாரை வைத்துக் கும்பிடுகிற பிள்ளை, கணக்குப் பாடம் நடக்கும்போதெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். வழக்குப் போட்டவர்களில் யூதர், கிறிஸ்தவர், இந்து, மதம் சாராதவர் எல்லோரும் உண்டு. கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டாவது சட்டம், பள்ளி மாவட்டங்கள் விரும்பினால் தினமும் ஜெபத்துக்கும் வேத வாசிப்புக்கும் நேரம் ஒதுக்கலாம் என்பது. எந்த மதநூலும் வாசிக்கலாம் என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் சட்டம் அமலுக்கு வந்த அதே செப்டம்பரில் அட்டர்னி ஜெனரல் கென் பாக்ஸ்டன், இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தில் ஆரம்பியுங்கள் என்று மாணவர்களை ஊக்குவித்து அறிக்கை விட்டார். கூடவே கொடுத்த வாசகம் கிங் ஜேம்ஸ். ராஜ்யமும் வல்லமையும் மகிமையும் உம்முடையவைகளே என்று முடிகிற வாசகம், கத்தோலிக்கர்கள் அந்த ஜெபத்தை அப்படி முடிப்பதில்லை. தாமஸ் வால் இன்றைக்கு இருந்தால் அவனுக்கு ஒன்றும் புதிதாக இருந்திருக்காது.

இந்த ஜெப நேரத்தில் பிள்ளை சேர வேண்டுமென்றால் பெற்றோர் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம், நான் குறுக்கே வரமாட்டேன். ஆனால் இது சம்பந்தமாக வழக்குத் தொடரும் உரிமையை விட்டுக்கொடுக்கிறோம் என்று ஒரு பகுதியும் அந்தப் படிவத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பிள்ளை பையில் கொண்டுவருகிற காகிதம்தானே என்று சமையல் மேடையில் வைத்தே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடாதீர்கள், அந்தப் பகுதியைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். கேள்வி இருப்பவர்கள் இப்போது கேட்கலாம், மைக் பின்னால் இருக்கிறது.